வைப்பர் மாற்றிய பின்னேரம்

அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஒரு காரின் முன் கண்ணாடியில் வைப்பர் தண்டு விழுந்த சத்தம், அவ்வளவுதான். ஆனால் அது விழுந்தது சண்டைக் காலத்தில், சாம்பல்தீவில், ஆமிக்காரர் காவலுக்கு நிற்கும் சென்றியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் வீட்டு முற்றத்தில். அக்காவுக்கு நிறைமாதம். மறுநாள் காலை திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மாரி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. சென்றியில் நிற்பவன் கையைக் காட்டி மறிப்பது மழைக்குள் தெரியாமல் போனால் வெடி விழும். அத்தானின் பழைய காரிலோ வைப்பர் றப்பர் கிழிந்து தும்பாய்த் தொங்கியது.

அத்தான் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். எதையும் முறைப்படி செய்கிற மனிதர். வாழைப்பழம் உரிப்பதற்கும் ஒரு சட்டம் வைத்திருப்பார். “பழைய பிளேட்டைக் கழட்டினா தண்டு வெறும் இரும்பு. ஸ்பிரிங் இழுத்துக் கண்ணாடியில அடிச்சுப்போடும். முதல்ல துவாயை மடிச்சு விரியும் தம்பி” என்றார். எனக்கு இருபத்துநாலு வயது. அந்த வயதில் யார் சொல்லை யார் கேட்கிறார்கள்? துவாய் என் தோளிலேயே கிடந்தது. பழைய பிளேட்டைக் கழற்றிவிட்டு, புதியதை எடுக்க அவர் அந்தப் பக்கம் திரும்பினார். நான் தூக்கிப் பிடித்திருந்த தண்டு ஈரக்கையிலிருந்து வழுக்கியது. படார்!

சென்றியிலிருந்து துவக்கை நீட்டிக்கொண்டு நாலு ஆமிக்காரர் ஓடி வந்தார்கள். “வெடி யார்?” என்று கத்தினான் அவர்களில் பெரியவன். இளந்தாரியைப் பிடித்தால் திரும்பி வரமாட்டான் என்பது ஊருக்கே தெரியும். அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார். “நான்தான் ஐயா. வைப்பர் மாத்தேக்க கை தவறிப்போச்சு” என்றார்.

“திரும்பச் செய்” என்றான் அவன்.

எனக்கு விளங்கவே இல்லை. அதே சத்தம் வந்தால்தான் நம்புவானாம். அத்தான் தண்டைத் தூக்கி விட்டார். டொக் என்றது. அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். மறுபடி விட்டார். அதே டொக். ஒருவன் அத்தானின் சட்டைக் கொலரைப் பிடித்துவிட்டான். மூன்றாம் முறை அத்தான் தண்டை இழுத்து, தன் பலத்தையும் சேர்த்து ஓங்கி அடித்தார். முழுக் கண்ணாடியும் நொறுங்கி, ஆசனமெல்லாம் கல்லுப்பாய்க் கொட்டியது. வந்தவர்களே ஓரடி பின்வாங்கினார்கள். பிறகு ஒருவன் சிரித்தான். போய்விட்டார்கள். நான் வாயைத் திறக்காமல், தோளில் துவாயோடு நின்றேன். வெட்கம் கெட்ட நிற்பு அது. அத்தான் இரண்டு வைப்பரையும் மாற்றி முடித்தார், இல்லாத கண்ணாடிக்கு!

மறுநாள் மழையை முகத்தில் வாங்கிக்கொண்டே காரை ஓட்டினார். பெண்பிள்ளை பிறந்தது. அந்தக் கதையை அவர் பிறகு எடுத்ததே இல்லை.

போன வருசம் அத்தான் செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு, அன்று தண்டைத் தவறவிட்டது நான்தான் என்ற உண்மையை அக்காவிடம் சொன்னேன்.

“தெரியும்” என்றாள். “குசினி யன்னலுக்கால பாத்துக்கொண்டுதான் நிண்டனான். அவரின்ர கொலரில பிடிச்ச உடனே, அவரில்லை, என்ர தம்பிதான் எண்டு சொல்ல வாசலுக்கு ஓடி வந்தனான்.”

துவக்கைக் கண்டபோதுகூட நான் இப்படி அதிர்ந்ததில்லை. அவளில் பிழையில்லை என்று சொல்ல நினைத்தேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. “அவர் என்னைக் கண்டிட்டார். நான் வாய் திறக்க முதல்தான் அப்பிடி ஓங்கி அடிச்சவர்.”