இருபது பங்குச் சூரை

தவசிக்கு ஜீப்புதான் பிழைப்பு. விடிந்ததும் போடியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போவார். பொழுதுசாயக் கொண்டுவந்து இறக்குவார். சனிக்கிழமை மட்டும் ஆட்களோடு ஒரு மீனும் மலையேறும். தூத்துக்குடியிலிருந்து பஸ்சில் வரும் இருபது கிலோச் சூரை, தூண்டிலில் பிடித்தது.

ஆட்டுக்கறிக்குப் போடுவதுபோல் மீனுக்கும் பங்கு போட்டார். இருபது வீடு பெயர் கொடுத்தால்தான் தூத்துக்குடி வியாபாரிக்குப் போன் போகும். வீட்டுக்கு ஒரு பங்கு. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஏது ஃப்ரிட்ஜ்? தலை, முள், வால் எல்லாம் பங்கில் சேர்ந்துவிடும். ஆள் குறைந்தால் மீன் இல்லை.

“வேண்டாதது கடல்லயே கெடக்கட்டும். அங்க ஐஸ் வைக்க வேண்டியதில்ல” என்பார்.

போன ஆடியில் பதினேழு பெயர்தான் சேர்ந்தது.

“குட்டி நெய்மீன் அனுப்பவாண்ணே? மலையில அள்ளிக்கிருவாங்க” என்றார் வியாபாரி.

“அது இன்னும் ஒரு முட்டகூடப் போடலயேய்யா” என்று தவசி போனை வைத்துவிட்டார்.

மீனில்லாமல் வந்த ஜீப்பைக் கண்டதும் லயத்து வாசலில் முத்துப்பேச்சி மறித்துக்கொண்டாள்.

“மசாலா அரைச்சு வச்சிருக்கேன். ஒன் மூஞ்சியவா கொழம்பு வைக்க?”

“வேணாம் மதினி, முள்ளு சாஸ்தி.”

மாசியில், வண்டி கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஐம்பத்தெட்டு வயது.

மகள் சுஜிதா கோயம்புத்தூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கின் பொறியாளர். கருமாதி முடிந்த மறுநாள் அவருடைய போனைக் கையில் எடுத்தாள். ஜீப் ஓட்டச் சித்தப்பா மகன் அருள்பாண்டி சம்மதித்திருந்தான். சனிக்கிழமை மீன் நின்றுவிடக் கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும். இந்த மூன்று வாரத்தில் வேறொருவன் குட்டி நெய்மீனோடு மலைக்குள் நுழைந்திருந்தான்.

வியாழன் மாலைக்குள் சேர்ந்தது பத்தொன்பது.

“ஒன் பேரப் போட்டு முடி” என்றாள் அம்மா பொன்னுமணி.

“நீ திம்பியாம்மா?”

“எனக்கு எறங்காது.”

“எனக்கும்தான். தின்னாத மீனுக்கு எதுக்குப் பேரு?”

சுஜிதா முத்துப்பேச்சியை அழைத்தாள். “பெரியம்மா, ஒரு பங்கு கொறையுது. இந்த வாரம் மீன் வராது.”



“ஒங்கப்பன் தோத்தான் போ” என்றாள் முத்துப்பேச்சி. “அடுத்த வாரத்துக்கு இப்பவே என் பேரப் போடு. நெய்மீன்காரன்கிட்டப் போன ரெண்டு பேரையும் நான் இழுத்தாறேன்.”

சுஜிதா புதுப் பட்டியல் ஒன்றைத் தொடங்கி முத்துப்பேச்சியின் பெயரை முதலில் எழுதினாள். பிறகு வியாபாரியைக் கூப்பிட்டு, இந்த வாரம் வேண்டாம் என்றாள்.