எட்டுப் பேருக்குக் கொடுத்த விரல்கள்

என் எழுத்து கோணல். பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். செபக்கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல என்னால் முடியவில்லை. எழுதியாவது தரும்படி பங்குச் சுவாமி சொன்னார். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள், சகோதரங்களே.

என் பெயர் சூசை. மன்னார்த் தீவின் கரையில் உள்ள நண்டுக் கொம்பனி ஒன்றில் மேற்பார்வை வேலை பார்த்தேன். எனக்குக் கீழே முப்பது பெண்கள். அவித்த நண்டை உடைத்து, ஓட்டுத் துண்டு இல்லாமல் சதை எடுப்பது அவர்கள் வேலை. கையுறை போட்டால் சின்னத் துண்டு தட்டுப்படாது. அதனால் வெறுங்கைதான். நண்டு ஓடும் ஐஸ் தண்ணீரும் குளோரினும் நாள் முழுக்க அந்தக் கைகளைத் தின்னும்.

2016 தை மாதம் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து கைரேகை மெசின் வந்தது. இனி வரவு இடாப்பில் கையெழுத்து இல்லை. மாதத்தில் மூன்று நாள் விரல் பதியாவிட்டால் வேலை போகும். ஆறு மாதம் ஒழுங்காகப் பதிந்தால் நிரந்தர நியமனக் கடிதம் கிடைக்கும். பெண்கள் சந்தோசப்பட்டார்கள். அவர்களுடைய விரல்களை மெசினில் ஏற்றும் பொறுப்பு எனக்கு வந்தது.

எட்டுப் பேருடைய விரல்களை அது எடுக்கவில்லை. எட்டுப் பேரும் பழைய ஆட்கள். விரல் நுனிகள் தேய்ந்து கண்ணாடி போல ஆகியிருந்தன. எண்ணெய் பூசினோம். வெயிலில் காய வைத்தோம். பலனில்லை.

"பத்து வருசமா வாறன். இந்தப் பெட்டி என்னை ஆரெண்டு கேக்குது, தம்பி" என்றார் றீற்றா அக்கா. அவர்தான் அங்கே மூத்தவர்.

முகாமையாளரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று தரம் அவருடைய கதவடிக்குப் போய், மூன்று தரமும் திரும்பி வந்தேன். கோவிலில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று கடைசி வாங்குப் பலகையில் இருக்கிறவன் நான். வாயைத் திறப்பதைவிட விரலைக் கொடுப்பது எனக்கு லேசாக இருந்தது. வலது பெருவிரல் எனக்கு. மற்ற விரல்களில் எட்டை அந்த எட்டுப் பேருடைய பெயர்களில் ஏற்றினேன்.

காலையில் ஒன்பது தரம், மாலையில் ஒன்பது தரம் விரல் வைத்தேன். ஒவ்வொரு தரமும் மெசின் இங்கிலீசில் நன்றி சொல்லும்.

"உன்னில அதுக்கு நல்ல விருப்பம். எங்கட மனுசன்மார் ஒருக்காக்கூட தாங்க்யூ சொன்னதில்லை" என்பார் றீற்றா அக்கா. எல்லாரும் சிரிப்பார்கள்.

மரியறோஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மகளோடு தனியாக இருப்பவள். "அண்ணை, இது பாவமில்லையோ?" என்று கேட்டாள்.

"நீ வேலைக்கு வாறாய்தானே. பிறகென்ன?" என்றேன். அந்தக் கேள்வி ஆண்டவர் எனக்கு அனுப்பிய எச்சரிக்கை. எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடிதம் வர ஒரு மாதம் இருக்கும்போது எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்த ஐந்து நாளும் எட்டுப் பெண்கள் வேலைக்கு வரவில்லை என்று மெசின் கொழும்புக்குச் சொல்லிவிட்டது. நான் திரும்பியதும் என் விரல்களை ஒவ்வொன்றாக மெசினில் வைக்கச் சொல்லிப் பார்த்தபோது அந்த எட்டு விரலும் என்னுடையவை என்று தெரிந்தது.

முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். "எட்டுப் பேரும் உம்மோட சேர்ந்து காய்ச்சலில படுத்தவையோ எண்டு கொழும்பில கேக்கினம். நான் என்னத்தைச் சொல்ல?"

'நீங்கள் அவையை ஒவ்வொரு நாளும் காணுறனீங்கள்தானே, சேர்' என்று தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. அவரும் தன் வேலைக்குப் பயந்தவர்.

வராதவர்களை வந்ததாகக் காட்டிய மோசடி என்று எழுதினார்கள். விசாரணை முடியும்வரை ஒன்பது பேரையும் நிறுத்தினார்கள். பொலிசுக்குப் போகும் என்ற கதையும் வந்தது. எட்டு வீட்டு அடுப்பும் என்னால் அணைந்தது. என் மனைவி தண்ணீர் அள்ளப் போனால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சாக நினைத்த நாளும் உண்டு. மறைக்காமல் எழுதுகிறேன்.

மரியறோஸின் புருசனை யுத்த காலத்தில் விசாரணை என்று கூட்டிப் போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. இந்த விசாரணை முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை. மகளைத் தங்கையிடம் விட்டு, ஏஜென்சிக்காரன் மூலம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டாள். "உங்களில கோவமில்லை, அண்ணை. ஆனா அந்த விசாரணைக் கதிரையில நான் இருக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் கோவிலுக்குப் போனேன். முதலில், மெசின் பழுதாக வேண்டும் என்று செபித்தேன். பிறகு, கொழும்பிலிருந்து ஒருவரும் வரக்கூடாது என்று செபித்தேன். மரியறோஸ் போன பிறகுதான் சரியானதைக் கேட்டேன். "ஆண்டவரே, என்னைக் காப்பாற்ற வேண்டாம். என் வாயை மட்டும் ஒருக்காத் திறந்து விடும்."

ஆடி மாதம் விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்தார். சிங்களவர். தமிழ் கொஞ்சம் தெரியும். "ஏன் பொய் செஞ்சது?" என்று கேட்டார்.

என் வாய் திறந்தது. அதை நான் திறக்கவில்லை, சகோதரங்களே.

"செய்தது பிழை, மிஸ். தண்டனை எனக்குத் தாங்கோ. ஆனா அவை ஒருநாளும் வராமல் விட்டதில்லை. சேர் ஒவ்வொரு நாளும் கண்டவர். அவையின்ர கையை ஒருக்காப் பாருங்கோ."

முகாமையாளர் தலை குனிந்தார். இல்லை என்று சொல்லவில்லை. மிஸ் எழுந்து றீற்றா அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"பாருங்கோ மிஸ், கடவுள் தந்த ரேகையை நண்டு திண்டுட்டுது" என்றார் அக்கா.

மிச்ச ஏழு பேரையும் ஒவ்வொருவராக மெசினுக்குக் கூட்டிப் போய், அவர்களுடைய விரலைப் புதிதாக ஏற்றிப் பார்த்தார். ஏழு பேரையும் அது மறுத்தது.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. ஏழு பேருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. அவர்கள் இடாப்பில் கையெழுத்து வைக்கலாம். நியமனக் கடிதம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப் போனது. என் மேற்பார்வை வேலை பறிபோனது. இப்போது ஐஸ் அறையில் பெட்டி தூக்குகிறேன். முதுகு நோகிறது. ஆனாலும் பிழை கண்டால் அன்றைக்கே போய்ச் சொல்லுகிறேன்.

மரியறோஸிடமிருந்து முதல் வருசம் போன் கோல் வந்தது. பிறகு இல்லை. ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார். நான்தான் பிந்திக் கேட்டேன். அந்தப் பாரம் என்னை விட்டுப் போகவில்லை.

சொல்லப் பயந்து சுற்றுவழி தேடுகிறவர்கள் உங்களில் இருந்தால், இன்றைக்கே அவரிடம் வாயைக் கேளுங்கள். அவர் தருவார். எனக்கே தந்தார். உங்கள் செபத்தில் மரியறோஸின் பெயரையும் சொல்லுங்கள். அவளுடைய மகள் வெளிநாட்டுக் கோல் எது வந்தாலும் ஓடிப் போய் எடுக்கிறாள்.

2018 ஆவணி 16, வியாழக்கிழமை.