புலேயின் நீலப் பெட்டி

புலே என்கிற பெயரை நான் முதலில் கேட்டது எழுபத்து நாலாம் வருடம். நம்மை நாமே ஆள்வோம், நியூசிலாந்து பாஸ்போர்ட்டையும் விடமாட்டோம் என்று எங்கள் நியுவே தீவு முழுக்க ஓட்டுப் போட்ட வாரம் அது. என் சித்தப்பா மகனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதிகாரம் என்று அர்த்தம் வரட்டும் என்று புலே எனப் பெயர் வைத்தான். அந்த அதிகாரம் அன்றைக்கே என் மடியை நனைத்தது.

அண்ணன் தம்பி ஐந்து பேரும் நியூசிலாந்தில் ஆக்லாந்து போய்விட்டார்கள். இவன் மட்டும் இங்கே. ஆள் கதவு உயரம், தேங்காய் நண்டைக் கண்டால் மேசைமேல் ஏறிவிடுவான். கட்டிலுக்கு அடியில் துணி அடுக்கிய நீலப் பெட்டி ஒன்று எப்போதும் தயாராக இருக்கும். ஊரில் யாரோடாவது சண்டை என்றால், அடுத்து விமானம் வரும் நாளில் பெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்புவான். விமான நிலையத்தில் வந்திறங்குகிறவர்களுக்கு மாலை போட்டு, அவர்கள் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, தன் பெட்டியோடு திரும்பி வருவான். கேட்டால், "அடுப்பு நம்மது அத்தை, கதவுக்குப் பூட்டும் கெடையாது. என்னைக்கு வேணா போலாம், அவசரமென்ன?" என்பான்.

இந்த வருடம் ஊர்த் தொகுதியில் சட்டசபைக்கு நின்றான். எதிரே நின்றவள் அவன் பெரியப்பா மகள் மெலே. ஊரில் மொத்தமே முப்பத்தேழு ஓட்டு. மெலேக்குப் பத்தொன்பது, இவனுக்குப் பதினெட்டு. அன்று சாயங்காலம் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

"என் ஓட்ட அக்காவுக்குத்தான் போட்டேன் அத்தை. தம் பேருக்குத் தானே போட்டுக்கிறது அசிங்கமில்லையா?"

தனக்கே போட்டிருந்தால் ஜெயித்திருப்பான். அந்த ஒற்றை ஓட்டு அவனை அரித்தது. இந்தத் தடவை டிக்கெட்டும் வாங்கிவிட்டான்.

எங்கள் வரிசையில் ஒன்பது வீடு. ஏழில் சன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று. மிச்சம் அவனுடையதும் என்னுடையதும்தான். வழியனுப்ப நானும் வண்டியில் ஏறினேன். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. போகிற உரிமைக்கும் சேர்த்துத்தானே அன்றைக்கு நானும் ஓட்டுப் போட்டேன்.

ஆக்லாந்துத் தம்பிகளுக்குச் சேம்புப் பொட்டலம் கொடுத்துவிட மெலேயும் விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். புலே அவளிடம் தன் ஓட்டைப் பற்றி வாய்விட்டுச் சொல்லிவிட்டான். அவள் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"நான் உனக்குத்தாண்டா போட்டேன்," என்றாள்.

புலே விரலை மடக்கிப் பார்த்தான். இருவரும் தங்களுக்கே போட்டிருந்தாலும் அதே பத்தொன்பது, அதே பதினெட்டு.

"அப்ப நெசமாவே தோத்துட்டேனா?"

"ஆமா. மூணு வருஷங் கழிச்சு மறுபடியும் நில்லு. ஆக்லாந்துல எவன்டா ஒனக்குப் பதினெட்டு ஓட்டுப் போடுவான்?"

அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

சேம்புப் பொட்டலம் வேறொருவர் கையில் விமானம் ஏறியது. வீட்டுக்கு வந்ததும் புலே நீலப் பெட்டியைத் திறந்து, சட்டை பேன்ட்டையெல்லாம் கட்டிலில் கொட்டினான். கொல்லையில் நடுவதற்கு வைத்திருந்த சேம்புத் தண்டுகளை அதற்குள் அடுக்கினான். மூடி சரியாக மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டினான். இன்று நட்டால் கிழங்கு தோண்டப் பத்து மாதம் ஆகும்.

இதை எழுதும்போது அவன் ஊருக்குப் பின்னால் தோட்டத்தில் இருக்கிறான். நடுவதற்குக் குழி தோண்ட, பாறையில் கடப்பாரை விழும் சத்தம் இங்கே கேட்கிறது.