நான் ஏற மாட்டேன் என்று சொன்ன நாள்

நோயாளிகளை ஏற்றிச் செல்லும் சின்ன விமானத்தில் நர்ஸாக நான் வேலைக்குச் சேர்ந்தபோது, விமானம் விழுந்துவிடுமோ என்று அம்மா பயந்தாள். எனக்கு அந்தப் பயம் இல்லை. வெண்டிலேட்டர் நின்றுவிடுமோ, ஆக்ஸிஜன் தீர்ந்துவிடுமோ என்றுதான் பயப்படுவேன். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற இரண்டு பேரைப் பற்றி யோசித்ததே கிடையாது, அந்த ஐதராபாத் பயணம் வரைக்கும்.

கம்பெனி அந்த வருஷம் ஒரு விமானத்தை எங்கள் ஊரில், லாஸ்பேட்டை ஏர்போர்ட்டில் நிறுத்தி வைத்திருந்தது. எங்கள் வீடு நெல்லித்தோப்பில். கேப்டனும் கோ-பைலட்டும் பக்கத்தில் சாரம் என்கிற இடத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். கேப்டன் காரைக்கால்காரர், அதிகம் பேசமாட்டார். மற்றவர் சின்ன வயசு. கூப்பிட்டால் உடனே கிளம்பத் தயாராக வீட்டில் காத்திருப்பதை 'ஸ்டாண்ட்பை' என்பார்கள். விமானிகளுக்கு இத்தனை மணி நேரம் ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும் என்று விதி இருக்கிறது. கம்பெனியோ அப்படிக் காத்திருந்த நேரத்தையும் ஓய்வு என்றே எழுதிக்கொள்ளும்.

அன்று விடிகாலை வேனில் ஏறும்போது கேப்டனுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தூங்கலையா சார்?"

"எங்க சிஸ்டர் தூங்குறது? கிளம்புன்னு ஒரு போன், வேணாம்னு ஒரு போன், மறுபடியும் கிளம்புன்னு. ராத்திரி பூரா இதே கதை. முந்தாநாளும் இப்படித்தான்."

கோ-பைலட் ஜன்னலில் தலை சாய்த்து அதற்குள் தூங்கிப்போயிருந்தார்.

நுரையீரல் கெட்டுப்போன ஒரு பெரியவரை ஐதராபாத்தில் சேர்த்தோம். கூட வந்த டாக்டர் அங்கேயே தங்கிவிட்டதால் திரும்பும்போது பின்னால் நான் மட்டும். அந்த விமானத்தில் விமானிகளுக்கும் எங்களுக்கும் நடுவில் கதவு கிடையாது. பேசிக்கொள்ள எனக்கும் ஒரு ஹெட்செட் உண்டு. தரையிலிருந்து அவர்களைக் கூப்பிடுவதும் அதில் கேட்கும்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. குழாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு குரல் எங்கள் விமானத்தைக் கூப்பிட்டது. எப்போதும் கேப்டன் உடனே பதில் சொல்வார். சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டது. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை, இப்போது விமானத்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி.

நிமிர்ந்து பார்த்தேன். கேப்டனின் முகவாய் நெஞ்சில் இறங்கிக் கிடந்தது. கோ-பைலட்டின் தலை கண்ணாடிமேல். விமானம் ஆட்டோபைலட்டில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சார்" என்றேன். இரண்டு பேரும் அசையவில்லை. ஓடுகிற ஆம்புலன்ஸில்கூட நரம்பு பிடித்து ஊசி போட்டவள் நான். சீட் பெல்ட்டின் கொக்கியை எப்படிக் கழற்றுவது என்று மறந்துபோய்விட்டது. குனிந்தபடியே முன்னால் போனேன். இரண்டு பேருமே செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பழக்கத்தில் கேப்டனின் கழுத்தில் நாடி பார்க்க விரல் வைத்தேன். விழித்துக்கொண்டார். நான் யார் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

பிறகு கோ-பைலட்டைத் தட்டி எழுப்பிவிட்டு, ரேடியோவில் மிகச் சாதாரணமாகப் பதில் சொன்னார். விமானம் இறங்கத் தொடங்கும் வரை இரண்டு சீட்டுக்கும் நடுவில் மண்டிபோட்டு, வாய்க்கு வந்ததை எல்லாம் அவர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று ஒன்றும் நினைவில்லை.

லாஸ்பேட்டையில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கம்பெனி மேனேஜர் போன் செய்தார். கேப்டன் ஸ்பீக்கரில் போட்டார். கோரிமேடு ஆஸ்பத்திரியில் குழந்தை பெற்ற ஒரு பெண்ணுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, உடனே பெங்களூருக்குக் கொண்டுபோக வேண்டும்.

"நேத்து பூரா வீட்லதான இருந்தீங்க கேப்டன்? கணக்குல ரெஸ்ட் இருக்கு. போலாம்."

"பேஷன்ட் எப்ப வருவாங்க?" என்று கேப்டன் கேட்டதுமே, சரி சொல்லப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"நான் ஏற மாட்டேன்" என்றேன். "ரெண்டு பேரும் மேல தூங்கிட்டாங்க சார்."

கேப்டன் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் மறுக்கவில்லை. "ஆமா சார், என்னால ஓட்ட முடியாது" என்றார் மெதுவாக.

"அப்ப அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர்கிட்ட நீயே சொல்லும்மா" என்று மேனேஜர் நம்பரை அனுப்பினார்.

கூப்பிட்டேன். விவரம் சொன்னேன்.

"வேற ப்ளேன் வருமா சிஸ்டர்?"

"சென்னையிலேருந்து வருதுண்ணா." வருமா என்று எனக்கே தெரியாது.

"அதுவரைக்கும் தாங்குவாளா?"

"டாக்டருங்க பாத்துக்குவாங்கண்ணா" என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் செத்துப்போனால் நான்தான் கொன்றேன் என்று ஆகும். யாரும் சொல்லாவிட்டாலும் நான் சொல்லிக்கொள்வேன். நாங்கள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது.

சாயங்காலம் சென்னை விமானம் வந்து அவளைக் கூட்டிப்போனது. உயிரோடு போய்ச் சேர்ந்தாள், பிழைத்தும் கொண்டாள்.

கம்பெனி என்னைக் கொஞ்ச நாள் கூப்பிடவில்லை. பிறகு ஆள் கிடைக்காமல் கூப்பிட்டது. நடந்ததைக் கேப்டன் எழுதிக்கொடுத்ததால், ஸ்டாண்ட்பையில் ராத்திரி போன் வந்தால் அது ஓய்வு இல்லை என்று கம்பெனியில் மாற்றினார்கள். இப்போதும் பறக்கும்போது, "கேப்டன், டீ வேணுமா?" என்று நடுநடுவே கேட்பேன். விமானத்தில் டீ கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். "வேணாம் சிஸ்டர்" என்று அவர் சொல்கிற வரை மூச்சு விடமாட்டேன்.