படம் பிடிக்கக் கேட்ட செபம்

கொழும்புத்துறைக் கரையில் மீன்பிடிக் குடும்பத்து அக்கா ஒருவர் இருந்தார். பயந்துபோன பிள்ளைகளுக்குச் செபம் சொல்லித் தெளிய வைப்பார். அவர் கத்தோலிக்கர்; ஆனாலும் சைவக்காரரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் ஓடினார்கள். ஹெலிகொப்டர் எங்கள் தெருவில் சுட்டுவிட்டுப் போன பிறகு என் தங்கை பேச்சை நிறுத்திவிட்டாள். உடம்பில் ஒன்றுமில்லை என்றார் டொக்டர். அக்கா மூன்று பின்னேரம் அவளை மடியில் இருத்தி, குருத்தோலையால் உச்சி முதல் பாதம் வரை தடவி, காதோடு செபம் சொன்னார். மூன்றாம் நாள் தங்கை, "பசிக்குது" என்றாள்.

இதெல்லாம் தெரிந்த நான்தான் ஒரு வெள்ளைக்காரரை அவரிடம் அழைத்துப் போனேன். அப்போது ஒரு நிவாரண அலுவலகத்தில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. நாட்டு வைத்தியம் பற்றி அறிக்கை எழுத வந்தவர் அவர். வீடியோ கமெராவோடு வந்தவர், செபம் சொல்வதைப் படம் பிடிக்க எங்கள் அலுவலகச் சாரதியின் மகளையும் புதுச்சட்டை போட்டுக் கூட்டி வரச் சொல்லியிருந்தார்.

அக்கா சிறுமியின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை அக்கா. சும்மா, படத்துக்கு."

"சும்மாவோ? ஒரு பிள்ளை நடுங்கேக்கைதான் நான் அந்தோனியாரைக் கூப்பிடுறனான். ஆக்களுக்குக் காட்டுறதுக்கில்லை. உவரிட்டை அப்பிடியே சொல்லு."

வந்தவர் கமெராவைத் தோளில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அவர் முகம் சுளிப்பாரோ, என் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். "அவருக்கு இன்றைக்குச் சுகமில்லையாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நான் சொன்னதை அப்பிடியே சொன்னனியே?" என்று கேட்டார் அக்கா.

"ஓம் அக்கா."

சில மாதங்களில் அந்த அறிக்கை தமிழாக்கத்துக்கு என் மேசைக்கே வந்தது. "இத்தகைய நாட்டு வைத்தியர்கள் ஆராய்ச்சிக்குப் பயந்து ஒளிக்கிறார்கள். ஒரு பெண் நோய் என்று சாட்டுச் சொல்லித் தப்பிக்கொண்டார்." அப்படி எழுதியிருந்தது. என் பொய் அவருக்கெதிரான சாட்சியாகியிருந்தது. என்ன துணிவு! சுகமான பிள்ளையைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு செபத்தை நடித்துக் காட்டச் சொன்னதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பூசை வைக்கும் சுவாமியாரிடம் இப்படிக் கேட்பார்களா? டொக்டரிடம், சுகமானவனை வெட்டிக் காட்டு என்பார்களா?

எங்கள் அலுவலக அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"அறிக்கை அனுப்பியாச்சு. ஒரு மனிசிக்காக இனித் திருத்தேலுமே?"

"அப்ப நான் தமிழாக்கம் செய்ய மாட்டன்."

"வேறை ஆள் செய்யும்" என்று தாள்களை வாங்கிக்கொண்டார். வேறு ஆள் செய்தும் முடித்தார்.

அந்த ஞாயிறே சைக்கிளில் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

"அண்டைக்கு என்ரை முகத்தைப் பாத்து ஓமெண்டனியே பிள்ளை" என்று மட்டும் சொன்னார். பிறகு, அரியாலையிலிருந்து அழுகிற பிள்ளையோடு வந்து நின்ற தாயை உள்ளே கூப்பிட்டார்.