வசவை அழிக்காத தேவகி அக்கா

அன்று காலை கைபேசியைத் தாங்கியில் மாட்டி, விளக்கைப் போட்டு, நைட்டிகளை அடுக்கிவிட்டு அக்காவுக்காகக் காத்திருந்தேன். நேரலை ஏன் தொடங்கவில்லை என்று திரையில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அக்காவின் தம்பி சேகர் அண்ணன் கடை வாசலில் வந்து நின்றார். "லைட்ட அணைச்சிடு பாப்பா. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிச்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள அக்கா போயிடுச்சு" என்றார்.

மாங்காட்டில் நைட்டிக் கடை நடத்திய தேவகி அக்காவை உங்களில் பலர் திரையில்தான் பார்த்திருப்பீர்கள். புடவைக்கு மேலேயே நைட்டியை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். துணியை முதலில் புரட்டி உள்தையலைத்தான் காட்டுவார். "வெளிய கீற பூவ எவன் வேணா காட்டுவான். உள்ளாற பாரும்மா" என்பார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்த நான், கைபேசியைப் பார்த்துக்கொள்வேன், கேள்விகளுக்குப் பதில் தட்டுவேன். பேசச் சொன்னால் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவேன். "எங்கூட்டு ஹீரோயினு வெக்கப்படுது" என்று நேரலையிலேயே கிண்டல் செய்வார்.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு அம்மா, சிவப்பு நைட்டி முதல் துவையலிலேயே சாயம் போய்விட்டதென்று எங்கள் கடையின் இணையப் பக்கத்தில் திட்டி எழுதினார். அழித்துவிடலாம் என்றார் சேகர் அண்ணன். அக்கா அதே சிவப்பு நைட்டியை நேரலையில் தூக்கிப் பிடித்தார். "அந்தம்மா சொல்றது நெசம். இது சாயம் போவுது. யாரும் வாங்காதீங்க." சேகர் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சிறு கடைகளுக்கென்று புதிது புதிதாக ஆப் வந்துகொண்டே இருக்கிறது. ஒன்று தெருவாரியாகக் கடைகளைக் காட்டும், இன்னொன்று நேரலையிலேயே ஏலம் விடும். அக்கா எதையும் பார்க்காமலே வேண்டாமென்று தள்ளியதில்லை. ஆனால் அதில் ஏற்கெனவே இருக்கும் கடைகளின் வீடியோவுக்குக் கீழே போய், யாராவது திட்டியிருக்கிறார்களா என்று முதலில் தேடுவார். அப்படி ஒரு ஆப்பிலிருந்து பேச வந்தவர், "எங்க ஆப்ல நெகட்டிவ் கமெண்டே வராதுக்கா" என்று பெருமைப்பட்டார்.

"ஏன் நைனா, உங்க ஆப்ல மனுசங்களே இல்லியா?" என்றார் அக்கா. அவர் போனதும் என்னிடம் சொன்னார்: "வசவு இல்லாத எடத்துல கடை போடக் கூடாதுடி. இன்னிக்கி திட்டுனத அழிக்கிறவன், நாளைக்கு உன் நியாயத்தயும் அழிப்பான்."

அக்காவின் காரியம்கூட முடியவில்லை. அதே ஆப்பில் அவர் வீடியோ ஓடியது. எங்கள் பக்கத்திலிருந்து எடுத்தது. ஓரத்தில் ஒரு குத்துவிளக்குப் படம், மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே வேறொரு கடையின் எண். 'இதே டிசைன் எங்களிடம் கிடைக்கும்.' இதற்குப் பெயர் அஞ்சலியா? செத்தவரை நிற்க வைத்து வியாபாரம் செய்கிறார்கள். 'இது எங்கள் கடை வீடியோ, எடுத்துவிடுங்கள்' என்று எழுதினேன். நான் எழுதியது காணாமல் போனது. மறுபடி எழுதினேன், அதுவும் போனது. கும்பிடும் கைகளும் 'சூப்பர்'களும் மட்டும் அப்படியே இருந்தன. ஆப்பிலிருந்து வந்தவரை சேகர் அண்ணன் போனில் கேட்டதற்கு, "மரியாதைக்குத்தானே போட்ருக்காங்க, விடுங்கண்ணா" என்றாராம்.

அந்த எண்ணை அக்கா கடையுடையது என்று நம்பி வாங்கியவர்கள், சாயம் போனதும் எங்கள் பக்கத்தில் வந்து அக்காவைத் திட்டினார்கள். துணியைப் புரட்டிக் காட்டி விற்றவருக்கு ஏமாற்றுக்காரி என்று பெயர்.

"கடைய மூடிடலாமா பாப்பா?" என்று கேட்டார் சேகர் அண்ணன். நான் விளக்கைப் போட்டேன். ஒரு நைட்டியைப் புரட்டித் திரைக்கு முன்னால் பிடித்தேன். "தேவகி அக்கா இப்போ இல்லை. அந்த நம்பர் எங்களுது இல்லை. எங்க துணி உள்ள இப்படித்தான் இருக்கும், பாருங்க" என்றேன்.

முதல் கமெண்ட் வந்தது. 'இன்னா பொண்ணு, வாய்ல கொழுக்கட்டையா? சத்தமா பேசு.'

"அழிச்சிடு பாப்பா" என்றார் சேகர் அண்ணன்.

"இருக்கட்டும்ணா."

அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தப் பழக்கத்தைத்தான். சொன்னதையே மறுபடி, சத்தமாகச் சொன்னேன்.