கப்பலில் வந்த டிரம்

என் மாமனாருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மாதா கோயிலின் பேண்டு செட்டில் சைடு டிரம் அடிப்பவர் அவர். அடித்தோலின் மேல் மெல்லிய கம்பிகள் ஓடி, குச்சி பட்டதும் கரகரவென்று அதிரும் சின்ன டிரம். அவருடைய அப்பா அடித்தது. "வெள்ளைக்கார சாமியாரு கப்பல்ல கொண்டாந்தது" என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்வார். நான் மருமகளாக வந்த அன்றைக்கே, பால் பழம் கொடுப்பதற்கு முன்பே, எனக்கும் சொல்லியாகிவிட்டது.

போன வருஷம் தவளை தன் வாயால் கெட்டது. கோயிலின் பழைய சாமான்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போவதாகப் பேச்சு வந்து, திருவிழா கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வந்தார். "சாமியாரு கொண்டாந்ததுன்னா கோயிலுதுதானுங்களே. நீங்களேதான சொல்லுவீங்க" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அன்று மாமனார் சாப்பிடவில்லை.

நான் பெரம்பலூரில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். "நீ படிச்சவளாச்சே, இது எந்தக் காலத்துது, எங்கேருந்து வந்துதுன்னு பாரேம்மா" என்றார் மாமனார். கோயிலுடையதுதான் என்று தெரிந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார். அடிக்காத நாளிலும் அதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர் அதற்கப்புறம் என்ன செய்வார் என்றுதான் எனக்குப் பயம்.

பேண்டு சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போட்டோ அனுப்பினேன். "வெளிநாட்டுச் சரக்குன்னா கம்பெனி முத்திரை இருக்கும் மேடம். வெளிய இல்லேன்னா உள்ள பாருங்க" என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். திருகாணிகளைத் தளர்த்தி, வளையத்தை எடுத்து, தோலைக் கழற்றினார். தோலை எத்தனையோ தடவை மாற்றியவர்தான். ஆனால் உட்புறத்துப் பித்தளையை யாரும் தேய்த்ததே இல்லை. உள்ளே தேய்த்தால் நாதம் போய்விடும் என்பது எங்கள் பேண்டுக்காரர்களின் நம்பிக்கை. வெளியே தங்கமாக மின்னும். உள்ளே அடுப்படிச் சுவராகக் கறுத்துக் கிடந்தது. நான் புளியும் உப்புமாக நின்றேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போனாப் போவுது, தேயி" என்றார்.

முத்திரை எதுவும் இல்லை. உருட்டிய தகடும் இல்லை அது. உள்பக்கம் முழுவதும் சுத்தியல் தட்டிய பள்ளங்கள். நம்மூரில் யாரோ தட்டி நிமிர்த்திய தகடு. ஒரே ஓர் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, சுத்தியல் படவே இல்லை. அங்கே புள்ளி புள்ளியாக எழுத்துகள், தலைகீழாக. கல்யாணச் சீர் பாத்திரங்களில் பேர் வெட்டுவோமே, அந்தப் புள்ளிகள். டிரம்மைத் திருப்பி வாசித்தேன். ஒரு பெண்ணின் பெயர். கீழே, பாடாலூர்.

"யாரு மாமா இது?"

"எங்கம்மா" என்றார்.

அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. பாடாலூரிலிருந்து வாழ வந்தவர் என்று மட்டும் தெரியும். "சீருல பெரிய அண்டா வந்துதும்பாங்க. நான் கண்ணால பாத்ததில்ல. நெல்லு அவிக்க எப்பவும் பக்கத்து வூட்டுலதான் அண்டா வாங்கும். நம்ம அண்டா எங்கம்மான்னு கேட்டா, பேசாம இருந்துடும்."

அந்தச் சீர் அண்டாதான் இந்த டிரம் ஆகியிருக்கிறது. மாமனாருக்கு நினைவு தெரிந்த நாளிலேயே டிரம் இருந்திருக்கிறது. அப்படியானால் அதன் வயது, ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கும் அவள் மகனின் முதல் நினைவுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அண்டாவை வெட்டித் தட்டியவர் பெயரையும் தட்டி அழித்திருக்கலாம். விட்டுவைத்திருக்கிறார். அவராகவே விட்டாரா, அந்த அம்மாள் சொல்லி விட்டாரா, இனி யாரைக் கேட்பது? கோயிலில் முழங்கால் போட்டு நிற்கும்போதுகூட எனக்கு அப்படி வாயடைத்துப் போனதில்லை.

என் சந்தேகப் புத்தி சும்மா இருக்குமா? "உங்கப்பா அவங்களக் கேக்காமயே எடுத்துட்டாரோ?" என்றேன். மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கம்மாவக் கேக்காம எங்க வூட்டுல ஒரு சொம்பு நகராது." சிரித்துக்கொண்டே அந்தப் பெயர்மேல் கையை வைத்தவருக்கு முகம் மாறியது. "எவ்வளவு அடி அடிச்சிருக்கேன்மா இது மேல" என்று அழுதார். நானும் அழுதேன்.

புதுத்தோல் போட்டாயிற்று. ஆனால் குச்சியை அவர் தொடவில்லை. திருவிழா நெருங்கியபோது கமிட்டித் தலைவர் மறுபடி வந்தார். போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். அது மாமனாரின் அம்மா பெயர், சீர் அண்டாவில் வெட்டியது என்று சொன்னேன்.

"இது உங்களுதுதாங்க, சந்தேகமே இல்ல" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பெத்தவங்க பேரு இருக்கு. அடிபட்டுக் கெடக்கறதுக்கு, கண்ணாடிக்குள்ள பத்திரமா இருக்கட்டுமே. அவங்க பேரையும் எழுதி வெச்சிடுவோம்."

எனக்கும் அது சரி என்றே பட்டது. மாமனாரும் தலையாட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய் டிரம்மை எடுத்துவந்து, வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பத்திரமா வெக்கணும்னா அண்டாவாவே வெச்சிருந்திருக்குங்க எங்கம்மா" என்றார். "அடிக்கத்தான் குடுத்துது."

குச்சிகளை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பிவிட்டார்.